எந்த விளையாட்டு பெரியது? எண்கள் சொல்வதும் சொல்லாததும்

மாணவர்களே, ஓய்வு நேரத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இப்படி ஒரு வாக்குவாதம் உங்கள் காதில் விழுந்திருக்கும்.

“எங்க கேம்தான்டா நம்பர் ஒன். 400 மில்லியன் பேர் விளையாடுறாங்க!”

“சும்மா இரு. உன் கேமை இப்ப யாரு தொடுறா? போன வாரம் எங்க கேம்ல ஒரே நேரத்துல மூணு மில்லியன் பேர் இருந்தாங்க.”

இருவரும் எண்களைத்தான் பேசுகிறார்கள். இருவர் சொல்லும் எண்ணும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் மணி அடிக்கும்வரை சண்டை தீராது. காரணம் எளிது. ஒருவர் எண்ணியது ஒன்று, மற்றவர் எண்ணியது வேறொன்று. அறிவியல் ஆய்வகத்தில் நீளத்தையும் எடையையும் ஒப்பிட்டு ‘எது பெரியது’ என்று நாம் கேட்பதில்லை. ஆனால் இணைய விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது அந்தத் தவற்றை அடிக்கடி செய்கிறோம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இவ்வாரப் பாடம்.

3.4 பெரியதா, 3.2 பெரியதா?

உண்மையான ஒரு போட்டியிலிருந்து தொடங்குவோம். பப்ஜி விளையாட்டு 2017 மார்ச் மாதம் ‘ஸ்டீம்’ என்னும் கணினி விளையாட்டுக் கடையில் விற்பனைக்கு வந்தது. விலை ஏறக்குறைய 30 அமெரிக்க வெள்ளி. 2018 ஜனவரியில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் 3.2 மில்லியனுக்கும் அதிகமானோர் அதை விளையாடிக்கொண்டிருந்தனர். அதுவரை ஸ்டீமில் எந்த விளையாட்டும் எட்டாத உச்சம் அது.

அதற்குப் போட்டியாக, ‘கடைசிவரை உயிரோடிருப்பவர் வெல்வார்’ என்னும் அதே வகைப் போட்டியை ஃபோர்ட்நைட் 2017 செப்டம்பரில் இலவசமாக அறிமுகப்படுத்தியது. 2018 பிப்ரவரித் தொடக்கத்தில் அதில் ஒரே நேரத்தில் 3.4 மில்லியன் பேர் விளையாடியதாக எபிக் கேம்ஸ் நிறுவனம் அறிவித்தது. உடனே ரசிகர்களிடையே, “ஃபோர்ட்நைட் பப்ஜியை முந்திவிட்டது” என்ற பேச்சு பரவியது.

3.4 என்பது 3.2-ஐவிடப் பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பப்ஜியின் 3.2 மில்லியன், ஸ்டீம் வழியாகக் கணினியில் விளையாடியவர்கள் மட்டுமே. 2017 டிசம்பரிலிருந்து எக்ஸ்பாக்ஸ் கருவியில் பப்ஜி விளையாடியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஃபோர்ட்நைட்டின் 3.4 மில்லியனோ, கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை.

நம் பள்ளிகளில் சில காலை, மாலை என இரு பிரிவுகளாக நடக்கின்றன அல்லவா? ஒரு பள்ளியின் காலைப் பிரிவை மட்டும் எண்ணி, இன்னொரு பள்ளியின் இரு பிரிவுகளையும் சேர்த்து எண்ணி, ‘எங்கள் பள்ளியே பெரியது’ என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? இதுவும் அதைப் போன்றதுதான். ஃபோர்ட்நைட் உண்மையிலேயே முந்தியிருக்கலாம். ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்து அதைச் சொல்ல முடியாது.

ஒரே விளையாட்டு, மூன்று எண்கள்

இரு விளையாட்டுகளை விடுங்கள். ஒரே விளையாட்டுக்கே பல எண்கள் உண்டு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2014 ஜனவரியில் மூன்று எண்களை வெளியிட்டது. மாதந்தோறும் விளையாடுவோர் 67 மில்லியன். நாள்தோறும் விளையாடுவோர் 27 மில்லியன். உச்ச நேரத்தில் ஒன்றாக விளையாடுவோர் 7.5 மில்லியன்.

67, 27, 7.5 ஆகிய மூன்றுமே ஒரே விளையாட்டைப் பற்றியவை. மூன்றும் ஒரே காலத்தவை. மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வோர் எண்ணும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கிறது. பொதுவாக நாம் சந்திக்கும் அளவுகள் ஐந்து:

1. பதிவுக் கணக்குகள்: விளையாட்டு தொடங்கிய நாள் முதல் இதுவரை எத்தனை கணக்குகள் திறக்கப்பட்டன?
2. மாதப் பயனர்: கடந்த ஒரு மாதத்தில் ஒருமுறையாவது நுழைந்தவர் எத்தனை பேர்?
3. நாள் பயனர்: ஒரு நாளில் ஒருமுறையாவது நுழைந்தவர் எத்தனை பேர்?
4. ஒரே நேரப் பயனர்: குறிப்பிட்ட ஒரு நொடியில் உள்ளே இருப்பவர் எத்தனை பேர்?
5. விற்பனை: எத்தனை பிரதிகள் விற்றன, அல்லது எவ்வளவு பணம் வந்தது?

2018 ஜூனில் பப்ஜி வெளியிட்ட விவரத்தை இந்தப் பட்டியலோடு பொருத்திப் பாருங்கள். கைப்பேசி உட்பட எல்லாக் கருவிகளிலும் சேர்த்து இதுவரை விளையாடியவர்கள் 400 மில்லியன். மாதப் பயனர் 227 மில்லியன். நாள் பயனர் 87 மில்லியன். கணினியிலும் எக்ஸ்பாக்ஸிலும் விற்ற பிரதிகள் 50 மில்லியனுக்கும் மேல்.

இப்போது கழித்துப் பாருங்கள்: 400 – 227 = 173. அதாவது, ஏதோ ஒரு நாள் விளையாடிப் பார்த்தவர்களில் 173 மில்லியன் பேர் அந்த மாதத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாளில் விளையாடியவர்களோ அந்த 400 மில்லியனில் ஏறக்குறைய 22 விழுக்காடு மட்டுமே. சிற்றுண்டிச்சாலையில் நம் நண்பர் ‘400 மில்லியன் பேர் விளையாடுறாங்க’ என்றாரே, அவர் ‘விளையாடியிருக்கிறார்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வினைச்சொல்லின் காலம் மாறியதால் 300 மில்லியனுக்கும் அதிகமானோர் கூடிவிட்டார்கள்!

அதே 2018 ஜூனில் ஃபோர்ட்நைட் தன் ஆட்டக்காரர்கள் 125 மில்லியன் என்று அறிவித்தது. பப்ஜியின் எண் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் பப்ஜி அப்போது ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இலவசமாகக் கிடைத்தது. ஃபோர்ட்நைட் ஆண்ட்ராய்டுக்கு வந்தது ஆகஸ்டு மாதத்தில்தான். வாசல் ஒன்று கூடுதலாகத் திறந்திருந்த வீட்டுக்குள் அதிகமானோர் நுழைந்ததில் வியப்பில்லை.

நூலகம் கற்பிக்கும் கணிதம்

நாள் பயனர் எண்ணிக்கைக்கும் ஒரே நேரப் பயனர் எண்ணிக்கைக்கும் இடையே ஓர் அழகான தொடர்பு உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961ஆம் ஆண்டில் அதை நிறுவினார். அவர் பெயராலேயே அது லிட்டில் விதி எனப்படுகிறது. கேட்பதற்கு எளிமையானது:

உள்ளே இருப்போரின் சராசரி = ஒரு மணிக்கு வருவோர் × ஒருவர் தங்கும் நேரம்

உங்கள் பள்ளி நூலகம் 6 மணிநேரம் திறந்திருக்கிறது. 120 மாணவர்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 பேர். ஒவ்வொருவரும் அரைமணி நேரம் இருந்தால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சராசரியாக 20 × 0.5 = 10 பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு மணிநேரம் இருந்தால் 20 பேர் இருப்பார்கள். வந்தவர்கள் அதே 120 பேர்தான். ஆனால் நூலகம் இரு மடங்கு நிரம்பியதுபோல் தெரிகிறது.

இதை விளையாட்டுக்குக் கொண்டு வாருங்கள். ‘அ’ என்ற கற்பனைக் கைப்பேசி விளையாட்டை நாள்தோறும் 8 மில்லியன் பேர் அரைமணி நேரம் விளையாடுகிறார்கள். ‘ஆ’ என்ற கற்பனைக் கணினி விளையாட்டை நாள்தோறும் 2 மில்லியன் பேர் இரண்டு மணிநேரம் விளையாடுகிறார்கள். இரண்டிலும் மொத்தம் 4 மில்லியன் மணிநேரம். அதை 24-ஆல் வகுத்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில் இருப்போரின் சராசரி ஏறக்குறைய 167,000.

ஆக, ஒரே நேரப் பயனர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் ‘இரண்டும் சமம்’ என்பார். நாள் பயனரைப் பார்ப்பவர் ‘அ நான்கு மடங்கு பெரியது’ என்பார். ஒருவர் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று பார்ப்பவர் ‘ஆ-வின் ரசிகர்களே ஈடுபாடு மிக்கவர்கள்’ என்பார். மூவருமே சரி.

இறங்கத் தெரியாத எண்

பதிவுக் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது ஏறும், அல்லது நிற்கும், இறங்கவே இறங்காது. விளையாடுவதை விட்டுப் போனவரின் கணக்கும் அதில் இருக்கும். ஒருவரே வைத்திருக்கும் மூன்று கணக்குகளும் மூன்றாகவே எண்ணப்படும். இப்படிக் கூட்டிக்கொண்டே போகும் எண்ணைக் குவி எண்ணிக்கை என்பார்கள்.

2004ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதை விளையாடச் சந்தா கட்ட வேண்டும். சந்தாதாரர் எண்ணிக்கை 2010 அக்டோபரில் 12 மில்லியனைத் தொட்டது. அதன்பின் சரிந்து 2013 இறுதியில் 7.8 மில்லியனாக இருந்தது. 2014 ஜனவரியில் அந்த நிறுவனம் இன்னோர் எண்ணை வெளியிட்டது: தொடக்கத்திலிருந்து திறக்கப்பட்ட கணக்குகள் 100 மில்லியன்!

ஏறத்தாழ ஒரே நேரத்தில் 7.8, 100 என்ற இரண்டு எண்கள். ஒன்று அப்போது வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கை. மற்றொன்று அந்த வீட்டு வாசலை என்றாவது மிதித்தவர்களின் எண்ணிக்கை. 2015 இறுதியில், 5.5 மில்லியன் சந்தாதாரர்கள் என்ற நிலையில், இனிச் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. ஒரு நிறுவனம் எந்த எண்ணைச் சொல்கிறது என்பதோடு, எந்த எண்ணைச் சொல்வதை நிறுத்தியது என்பதையும் கவனியுங்கள்.

விற்பனையே இல்லாத வெற்றி

‘எது அதிகம் விற்றதோ அதுவே பிரபலம்’ என்று சிலர் வாதிடுவார்கள். வார்கிராஃப்டின் நீண்டகாலப் போட்டியாளரான ஃபைனல் ஃபேன்டசி 14 விளையாட்டின் கதை அவர்களுக்குப் பயன்படும். 2021 டிசம்பரில் அதன் புதிய பாகம் வெளிவந்தபோது கூட்டம் அலைமோதியது. உள்ளே நுழைய மணிக்கணக்கில் வரிசையில் காத்திருக்க வேண்டிய நிலை. வழங்கிகள் தாங்கவில்லை. ஆகவே ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் அந்த விளையாட்டின் விற்பனையையும் இலவச முன்னோட்டப் பதிவையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டது! 2022 ஜனவரி இறுதியில்தான் விற்பனை மீண்டும் தொடங்கியது. அந்த வாரங்களின் விற்பனையை மட்டும் பார்க்கும் ஒருவர் ‘இதை யாரும் வாங்கவில்லை’ என்று முடிவு செய்திருப்பார். உண்மையோ நேர்மாறானது.

இலவச விளையாட்டுகளுக்கு ‘எத்தனை பிரதிகள் விற்றன’ என்ற கேள்வியே பொருந்தாது. விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த பப்ஜியும் 2022 ஜனவரியில் இலவசமானது. அதற்கு முன் 1 என்று எண்ணப்பட்டவர் பணம் கொடுத்தவர். அதற்குப் பின் 1 என்று எண்ணப்பட்டவர் வெறுமனே தரவிறக்கம் செய்தவராகவும் இருக்கலாம். பெயர் மாறவில்லை; அளவுகோல் மாறிவிட்டது.

“எங்க வகுப்புல எல்லாரும் விளையாடுறாங்க”

இது அடுத்த வாதம். உங்கள் வகுப்பு ஒரு மாதிரிக் குழு. ஆனால் அது சீட்டுக் குலுக்கி எடுத்த மாதிரி அன்று. நண்பர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒரே விளையாட்டில் சேர்வார்கள்.

பெரிய மாதிரி என்றால் சரியாகிவிடுமா? 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ், அதிபர் தேர்தலில் யார் வெல்வார் என்று அறிய ஏறக்குறைய 10 மில்லியன் பேருக்கு அட்டைகள் அனுப்பியது. 2 மில்லியனுக்கும் அதிகமானோர் பதில் அனுப்பினர். லேண்டன் வெல்வார் என்றது இதழ். ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசி, கார் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தக் காலத்தில் அவர்கள் வசதியானவர்கள். பதில் அனுப்பியவர்களும் அவர்களில் ஒரு பகுதியினரே. அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் ஏறக்குறைய 50,000 பேரைக் கொண்டே வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட, யாரைக் கேட்டோம் என்பது முக்கியம்.

சரியான முறையில் மாதிரி எடுத்தாலும் பிழை இருக்கும். ஸ்டீம் கடை ஒவ்வொரு விளையாட்டின் விற்பனையையும் வெளியிடுவதில்லை. அதனால் 2015ஆம் ஆண்டில் ‘ஸ்டீம் ஸ்பை’ என்ற தளம் தொடங்கியது. பயனர்களின் பொதுப் பக்கங்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, யாரிடம் எந்த விளையாட்டு உள்ளது என்று பார்த்து, மொத்தத்தை மதிப்பிட்டது. 2018 ஏப்ரலில் ஸ்டீம் அந்தப் பட்டியல்களை இயல்பாகவே மறைத்து வைக்கத் தொடங்கியதும் அந்தப் பழைய வழிமுறை செயல்படாமல் போனது.

அந்த வகை மதிப்பீட்டின் கணக்கைப் பாருங்கள். 1,000 பேரில் 50 பேரிடம் ஒரு விளையாட்டு உள்ளது. அதாவது 5 விழுக்காடு. பிழை விளிம்பைக் காண, 0.05 × 0.95 ÷ 1000 என்பதன் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். விடை ஏறக்குறைய 1.4 விழுக்காடு. எனவே உண்மை மதிப்பு 3.6-க்கும் 6.4-க்கும் இடையே இருக்கலாம். போட்டி விளையாட்டு 60 பேரிடம் இருந்தால் அது 6 விழுக்காடு. அதன் உண்மை மதிப்பு 4.5-க்கும் 7.5-க்கும் இடையே இருக்கலாம். இரண்டு எல்லைகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ‘6 என்பது 5-ஐவிடப் பெரியது’ என்று இங்கே வெற்றிக் கொடி நாட்ட முடியாது.

உங்கள் பணப்பைக்கும் இதில் பங்குண்டு

‘இதெல்லாம் வெறும் விளையாட்டுத்தானே’ என்று நினைக்கிறீர்களா? ‘எல்லாரும் வாங்கிட்டாங்க, நான் மட்டும்தான் வாங்கல’ என்று சொல்லி, ஓர் உடைக்கோ ஆயுத அலங்காரத்துக்கோ அம்மாவிடம் ரிங்கிட் கேட்ட நினைவு சிலருக்கு இருக்கும். அந்த ‘எல்லாரும்’ என்பதையும் ஓர் எண்ணாகப் பார்ப்போம்.

ஃப்ரீ ஃபயர் விளையாட்டை நடத்தும் கரீனா, சிங்கப்பூரின் சீ நிறுவனத்தைச் சேர்ந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால் அது காலாண்டுக் கணக்கு வெளியிடுகிறது. 2021 இரண்டாம் காலாண்டில் அதன் விளையாட்டுகள் அனைத்துக்கும் சேர்த்துப் பயனர்கள் 725.2 மில்லியன். அவர்களில் பணம் செலவழித்தவர்கள் 92.2 மில்லியன். அதாவது 12.7 விழுக்காடு, எட்டுப் பேரில் ஒருவர். மீதி ஏழு பேர் அந்த மூன்று மாதங்களில் ஒரு காசும் கொடுக்காமலே விளையாடினார்கள்.

பணம் கொடுத்தவரின் பளபளக்கும் உடை திரையில் உடனே கண்ணில் படும். கொடுக்காத ஏழு பேர் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் எட்டில் ஒருவர் ‘எல்லாரும்’ ஆகிவிடுகிறார்.

அடுத்த முறை கேட்க வேண்டியவை

யாராவது ஓர் எண்ணைச் சொல்லி வாதிட்டால், இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

• எதை எண்ணினார்கள்? ஆட்களையா, கணக்குகளையா, பிரதிகளையா, பணத்தையா?
• எந்தக் காலத்துக்கு? ஒரு நொடியா, ஒரு நாளா, ஒரு மாதமா, தொடக்கம் முதலா?
• எங்கே? எந்தக் கருவி, எந்தக் கடை, எந்த நாடுகள்?
• யார் எண்ணினார்கள்? சொல்லாமல் விட்ட எண் எது?

நோய்ப் பரவல், தேர்தல் கணிப்பு, பற்பசை விளம்பரம் என எந்தச் செய்தியில் எண் வந்தாலும் இதே நான்கு கேள்விகள் பொருந்தும்.

செய்து பாருங்கள்

1. ஒரு விளையாட்டின் பதிவுக் கணக்குகள்: ஜனவரி 10 மில்லியன், பிப்ரவரி 12 மில்லியன், மார்ச் 13 மில்லியன், ஏப்ரல் 13.5 மில்லியன். ‘மாதந்தோறும் வளர்கிறோம்’ என்கிறது விளம்பரம். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

2. ஒரு விளையாட்டை நாள்தோறும் 3 மில்லியன் பேர், ஒவ்வொருவரும் 20 நிமிடம் விளையாடுகிறார்கள். ஒரே நேரத்தில் இருப்போரின் சராசரி என்ன?

3. உங்கள் வகுப்பு நண்பர்களிடம் ஒரே விளையாட்டைப் பற்றி மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்றாவது விளையாடியதுண்டா? கடந்த மாதம் விளையாடினீர்களா? நேற்று விளையாடினீர்களா? மூன்று விடைகளையும் பட்டை வரைபடமாக வரையுங்கள்.

விடைகள்: (1) புதிதாகச் சேர்ந்தவர்கள் 2, 1, 0.5 மில்லியன். மாதந்தோறும் பாதியாகக் குறைகிறார்கள். விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த எண் காட்டாது. (2) 3 மில்லியன் × ⅓ மணி = 1 மில்லியன் மணிநேரம்; அதை 24-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42,000 பேர். (3) விடை உங்கள் வகுப்பில் இருக்கிறது. மூன்று பட்டைகளும் ஒரே உயரத்தில் இருந்தால், எண்ணியதை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.